சிவப்பு வட்டமும் எட்டுக் கட்டங்களும்

கடல் கடந்து தமிழர்கள் குடியேறியிருக்கும் ஒரு நகரத்தின் மனுகா பகுதியில், பெரிய கடைவளாகத்துக்குப் பின்புறம், ஒரு பல் டாக்டருக்கும் ஒரு விசா ஆலோசகருக்கும் நடுவில், இரண்டாவது மாடியில் ஆதி நவீனச் சுவரொட்டிக் காப்பகம் இருக்கிறது. நூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் சில இளைஞர்கள் சுவரொட்டியிலிருந்து பூ, கொடி, தேவதை எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு, வட்டம், சதுரம், சாய்ந்த பட்டை, தடித்த எழுத்து இவற்றை மட்டும் வைத்துக்கொண்டார்களாம். அந்தச் சுவரொட்டிகளைப் பாதுகாப்பதுதான் காப்பகத்தின் வேலை. அசல் ஒன்றுகூட அவர்களிடம் கிடையாது. நகல்கள் பதினேழு இருக்கின்றன. அந்தப் பதினேழு நகல்களையும் ஒன்பது பேர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு பாதுகாத்து வந்தார்கள்.

தண்டபாணிக்கு இப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது. அவர் குடியிருப்பது அதே நகரத்தின் மவுண்ட் ரோஸ்கில்லில். வேலை ஓர் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் உதவிப் பிரிவில். யாராவது போன் செய்து திரையில் ஏதோ சரியாக வரவில்லை என்றால், அதைச் சரிசெய்து கொடுப்பதுதான் அவருடைய பிழைப்பு. இதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். தண்டபாணியாலும் இதை மறக்க முடியவில்லை.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவருக்குக் கடிதம் வந்தது. 'தாங்கள் படைத்த பெயரிடப்படாத சுவரொட்டி எங்கள் நிரந்தரச் சேகரிப்பின் முதல் அசலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது. பேருந்து நிறுத்தத்திலிருந்து உரித்தெடுக்கும்போது வலது மூலையில் நேர்ந்த கிழிசலுக்கு வருந்துகிறோம்' என்று அதில் இருந்தது. கூடவே சுவரொட்டியின் படமும் இருந்தது. நட்டநடுவில் பெரிய சிவப்பு வட்டம். இடது மேல் மூலையில் சாய்வாக ஒரு கறுப்புப் பட்டை. அதற்குக் கீழே வரிவரியாக வெற்றுக் கட்டங்கள், சில வரியில் சின்னதாக, சில வரியில் பெரிதாக. பக்கவாட்டில் '31' என்று ஓர் எண். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு போன் நம்பரும், ஆங்கிலத்தில் அவருடைய பெயரும்.

படத்தைப் பார்த்ததும் தண்டபாணிக்குக் காது சுட்டது. கடிதத்தை நாலாக மடித்து, மனைவி தமயந்தி கண்ணில் படாதபடி மின்சாரப் பில்லுக்கு அடியில் வைத்தார். அன்றைக்கு மின்சாரப் பில் கட்டவேண்டியவர் தமயந்திதான்.

அவர் ஏன் வெட்கப்பட்டார் என்று சொல்ல வேண்டும்.

வரதராஜன் என்று ஒரு மனிதர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். நகரத்தின் இன்னொரு பகுதியான மங்கரேயில் வீடு, விமான நிலையச் சரக்குக் கிடங்கில் வேலை. ஷிப்ட் முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போகமாட்டார். புதிதாக யாராவது தமிழர் வந்து இறங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டால், அட்டைப் பெட்டியைக் கிழித்து, மார்க்கர் பேனாவால் அவர் பெயரைத் தடித்தடியாகத் தமிழில் எழுதி, வாசலில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் தண்டபாணி பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு பயந்துபோய் வெளியே வந்தபோது, நாற்பது அடி தூரத்தில் 'தண்டபாணி' என்று தெரிந்தது. அன்று ராத்திரி அவர் சாப்பிட்டது வரதராஜன் வீட்டில்தான். முதல் மூன்று வாரம் தூங்கியதும் அங்கேதான்.

போன டிசம்பரில் ஊருக்குப் போன வரதராஜன் அங்கேயே மாரடைப்பில் போய்விட்டார். தகனம் எல்லாம் அங்கேயே முடிந்தது. மனைவி யோகராணி தனியாகத் திரும்பி வந்தார். முப்பத்தோராம் நாள் காரியத்தை இங்கே வைத்து, கணவர் கூட்டிவந்த ஆட்களை எல்லாம் அழைத்து, ஒரு வாய் சாப்பாடு போட வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆனால் யாரை எப்படிக் கூப்பிடுவது? நம்பர் எல்லாம் வரதராஜன் போனில் இருந்தது. போனைத் திறக்கிற ஆறு இலக்கம் வரதராஜனோடு போய்விட்டது.

அப்போதுதான் தண்டபாணி வாயைத் திறந்தார்.

"கவலைப்படாதீங்கக்கா. எங்க திண்டுக்கல் பக்கம் போஸ்டர் ஒட்டாம ஒரு சாவு கிடையாது. தமிழ்க் கடை, கோயில், பஸ் ஸ்டாப்பு, கார்கோ ஷெட்டு போர்டு, எல்லா இடத்துலயும் நாப்பது ஒட்டிடறேன். ஊரே வரும் பாருங்க."

"ஓம் தம்பி. நீங்க கம்ப்யூட்டர் படிச்ச ஆள். எனக்கு உந்த வேலையள் தெரியாது. உங்களைத்தான் நம்பியிருக்கிறன்" என்றார் யோகராணி.

தண்டபாணி இரண்டு நாள் உட்கார்ந்து செய்தார். வட்டத்துக்குள் வரதராஜன் படம். மூலையில் துக்கத்துக்கான கறுப்புப் பட்டை. அழுகிற கண் ஒன்று, குத்துவிளக்கு ஒன்று. மூன்றாவது வரியில் பெரிதாக வரதராஜன் பெயர். திண்டுக்கல் வழக்கத்தில் செத்தவர் பெயரைவிட அஞ்சலி செலுத்துகிறவர் பெயர் பளிச்சென்று இருக்கும். அந்த வழக்கத்தையும் அவர் விட்டுவிடவில்லை. தன் பெயரை அடியில் ஆங்கிலத்தில் போட்டார். ஆஸ்பத்திரி ஆட்கள் பஸ்ஸில் போகும்போது பார்க்கட்டுமே என்று ஒரு சின்ன ஆசை. பிறகு பென்டிரைவைக் கொண்டுபோய் அச்சுக் கடையில் கொடுத்தார். படத்தையும் தமிழ் எழுத்துருவையும் கோப்போடு சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது அவர் தொழிலில் முதல் நாள் சொல்லித் தருகிற விஷயம். அவர் சேர்க்கவில்லை.

நகரத்தின் ஆண்டுவிழாவுக்காகத் திங்கட்கிழமையையும் சேர்த்து விடுகிற நீள விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை மாலை, கடை மூடுகிற நேரத்தில் சுருட்டி வைத்திருந்த நாற்பது தாள்களையும் வாங்கிக்கொண்டு கிளம்பினார். முதல் பஸ் ஸ்டாப்பில் விரித்துப் பார்த்தபோது உள்ளே வரதராஜன் இல்லை. படம் இருந்த இடத்தில் சிவப்பு. கண்ணும் விளக்கும் காணோம். அச்சுக் கடைக் கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இல்லாததால், எழுத்து இருந்த இடமெல்லாம் கட்டம். தமிழ் என்று ஒரு எழுத்துகூட இல்லை. அவருடைய ஆங்கிலப் பெயருக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. கடை இனி செவ்வாய்க்கிழமைதான் திறக்கும். முப்பத்தோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை.

கையால் எழுதியிருக்கலாம். ஒரு மார்க்கர் வாங்கி உட்கார்ந்தால் இரண்டு மணி நேர வேலை. ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள், மழை வேறு தூறத் தொடங்கிவிட்டது. "நம்பர் இருக்கு, முப்பத்தொண்ணுன்னு இருக்கு, தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்" என்று தண்டபாணி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொண்டே நாற்பதையும் ஒட்டினார். ஒட்டி முடித்ததும் யோகராணிக்குப் போன் செய்து, "ஒட்டியாச்சுக்கா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நூற்றைம்பது பேருக்குச் சமைத்திருந்தார்கள். ஐயரையும் சேர்த்துப் பதினோரு பேர் வந்தார்கள். மண்டப வாசலில் ஒட்டியிருந்த சுவரொட்டியை யோகராணி வருவதற்குள் தண்டபாணி கிழித்துக் கார் டிக்கியில் போட்டுவிட்டார். மிச்சச் சோற்றையும் கத்தரிக்காய்க் குழம்பையும் ஐஸ்கிரீம் டப்பாக்களில் அடைக்கும்போது யோகராணி ஒரே ஒரு தடவை வாசலைப் பார்த்தார். "ஆக்களுக்கு வேலை இருக்கும்" என்று மட்டும் சொன்னார். தண்டபாணி குனிந்து டப்பாவுக்கு மூடி தேடிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு நாலு மாதமாக அவர் மங்கரே பக்கமே போகவில்லை.

கடிதம் வந்த அன்று மாலை யோகராணியே போன் செய்தார்.

"தம்பி, மனுகாவில ஒரு மியூசியமாம். அதில இருந்து கதைச்சவை. போஸ்டரில என்ர நம்பர் கிடந்ததாம். நான் உங்கட விவரத்தைக் குடுத்தனான். அந்தப் போஸ்டரைக் கண்ணாடிக்குள்ள வைக்கப் போயினமாம், உண்மையோ?"

"அது... அப்படித்தான் சொல்றாங்கக்கா."

"நான் அண்டைக்கு அதைப் பாக்கவே இல்லை. ஒருத்தரும் வராட்டிலும் என்ன தம்பி, இவரின்ர பெயர் ஒரு மியூசியத்தில இருக்கப்போகுது. திறக்கிற அண்டைக்கு நான் கட்டாயம் வருவன்."

தண்டபாணி போனை வைத்தார். தமயந்தி மின்சாரப் பில்லையும் கடிதத்தையும் கையில் பிடித்துக்கொண்டு எதிரே நின்றாள். "அந்தம்மாகிட்ட உண்மையச் சொல்லிடுங்க" என்றாள். தண்டபாணி தலையாட்டினார். ஆனால் முதலில் காப்பகத்துக்குப் போய் அந்தத் தாளைத் திருப்பி வாங்கிவிட்டால், சொல்லவேண்டிய அவசியமே வராது என்று உள்ளுக்குள் ஒரு கணக்குப் போட்டார்.

காப்பகத்தில் அவரை வரவேற்றவர் பிரதாபன், பண்பாட்டு இணைப்பு அதிகாரி. மலேசியாவில் கிள்ளானில் பிறந்தவர். தண்டபாணிக்கு அவரைப் பார்த்ததும் உயிர் வந்தது. ஒரு தமிழர் இருக்கிறார், ஒரு நிமிஷத்தில் புரிந்துகொள்வார்.

"சார், அது டிசைன் இல்ல. தமிழ் எழுத்து வராம கட்டம் கட்டமா விழுந்துடுச்சு. ஒரு இறந்தவருக்கு அடிச்ச போஸ்டர் சார் அது."

"நான்தான் அதைப் பரிசோதனை பண்ணி சர்டிபிகேட் குடுத்தேன்" என்றார் பிரதாபன் பெருமையாக. "இது தமிழ் இல்ல, வேற எந்த பாஷையும் இல்லன்னு. எனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராதுலா. அதனாலதான் என்னை இந்த வேலையில வச்சிருக்காங்க. படிக்கத் தெரிஞ்சா பட்சபாதம் வந்துரும், அல்லவா?"

அவர் ஒரு படிவத்தை நீட்டினார். படைப்பாளரின் நோக்கம் என்ற தலைப்புக்குக் கீழே சமநிலை, பதற்றம், மௌனம், எதிர்ப்பு என்று நாலு கட்டம் இருந்தது. தண்டபாணி நாலையும் விட்டுவிட்டு ஓரத்தில் 'தவறு' என்று ஆங்கிலத்தில் எழுதினார்.

பிரதாபன் அதை வருத்தத்தோடு பார்த்தார். "தவறுக்குன்னு கட்டம் இல்லையேலா. தவறுன்னா அதுக்குத் தனிக் குழு இருக்கு. அவங்க இன்னும் ஒரு தடவகூடக் கூடினது இல்ல. இதுவரைக்கும் இங்க தவறு நடந்தது இல்ல, அதான்."

பிறகு மதிப்பீட்டுக் குழுவிடம் அழைத்துப்போனார். இயக்குநர் டாக்டர் பெல்விக் உயரமான மனிதர், கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்புச் சட்டை, வட்டமான சிவப்புக் கண்ணாடி. மேசைமேல் சுவரொட்டி விரித்து வைக்கப்பட்டிருந்தது. இரண்டு பேர் அளவுகோலோடு கட்டங்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு இருநூற்றுப் பதினான்கு வந்தது, இன்னொருவருக்கு இருநூற்றுப் பதினைந்து. அந்த ஒரு கட்டத்தைப் பற்றி அவர்கள் ஏற்கெனவே இரண்டு கட்டுரை எழுதியிருந்தார்கள்.

"முப்பத்தொன்று என்பது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றைத்தானே குறிக்கிறது?" என்று இயக்குநர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லைங்க. முப்பத்தோராம் நாள். ஒருத்தர் இறந்து முப்பத்தொரு நாள்."

"யார் இறந்து?"

தண்டபாணி மேசைமேல் குனிந்தார். சுவரொட்டியில் எங்கே கை வைத்துக் காட்டுவது என்று தெரியாமல், "இங்க இருக்க வேண்டியவர்" என்றார்.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். குழுவினர் எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். "எழுத்தின் மரணம்" என்றார் இயக்குநர் மெதுவாக. "எழுத்து இறந்து முப்பத்தொரு நாள். நான் இதை எதிர்பார்க்கவில்லை. உங்கள் முன்னால் எனக்கு வெட்கமாக இருக்கிறது."

வெட்கம் என்ற சொல்லை அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடிகிற ஒருவரைத் தண்டபாணி அதுவரை பார்த்ததில்லை. தனக்கு எழுத்துருவைச் சேர்க்க மறந்துபோனதை அவர் மூன்று விதமாக விளக்கினார். மறதியே அவருடைய முறை என்று குறித்துக்கொண்டார்கள். கடை மூடிவிட்டதைச் சொன்னார். வணிகத்தை மறுத்தவர் என்று குறித்துக்கொண்டார்கள். விருந்தாளிகள் வருவதாக இருந்தது என்றும் சொன்னார். அது மட்டும் யாருக்கும் புரியவில்லை.

அடுத்த வாரம் அவர் வேறொரு வழி யோசித்தார். வீட்டிலேயே எழுத்துருவைச் சேர்த்து, படத்தைச் சேர்த்து, சரியான சுவரொட்டியை அச்சடித்துக் கொண்டுபோனார். சிவப்பு வளையத்துக்குள் மஞ்சள் வேலைச் சட்டையோடு வரதராஜன் சிரித்துக்கொண்டிருந்தார். அழுகிற கண் இருந்தது, குத்துவிளக்கு இருந்தது, பெயர் பெரிதாக இருந்தது. குழுவினர் கையுறை போட்டு அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்கள். ஒரு பெண் மோந்துகூடப் பார்த்தார்.

"இது போலி" என்றார் இயக்குநர். "உங்கள் படைப்பைப் பார்த்து யாரோ பின்னால் செய்தது. உங்கள் கட்டங்களுக்குள் எல்லாம் எழுத்தைப் போட்டு நிரப்பிவிட்டான். வட்டத்தின் தூய்மையைப் பொறுக்கமுடியாமல் ஒரு மனிதனின் முகத்தைத் திணித்திருக்கிறான். மிக மலிவான உத்தி. மனிதனின் முகத்தைப் பார்த்தால் யாருக்கும் ஏதாவது தோன்றத்தான் செய்யும்."

"அதைச் செஞ்சதும் நான்தாங்க."

"படைப்பாளிகள் பெருந்தன்மையோடு போலியைக் காப்பாற்றுவது வழக்கம்தான்" என்றார் இயக்குநர். அந்தப் போலிக்காரன்மேல் தண்டபாணியின் சார்பில் காப்பகமே வழக்குப் போடும் என்றும் உறுதி சொன்னார். வரதராஜன் படம் போட்ட தாளை உறையிலிட்டு, 'கெடுக்கப்பட்டது' என்று முத்திரை குத்தி உள்ளே வைத்தார்கள்.

வெளியே வரும்போது தண்டபாணி சுவரில் இருந்த நகல் ஒன்றைப் பார்த்தார். நூறு வருஷத்துக்கு முந்தைய ஏதோ ஒரு கூட்டத்துக்கான அறிவிப்பு. அதிலும் சிவப்பு வட்டம், சாய்ந்த பட்டை. அந்த மொழி அவருக்குத் தெரியாது. ஆனாலும் வாசல் பக்கத்திலிருந்தே என்ன தேதி, எத்தனை மணி, எந்த மண்டபம், பேசப்போகிறவர் பெயர் எது என்று தெரிந்தது. டிராமில் போகிறவனுக்கும் தெரியவேண்டும் என்றுதான் அவர்கள் பூவையும் கொடியையும் எடுத்துப்போட்டிருக்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்கு ஆள் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். படி இறங்கும்போது அவருக்கு அழுகை முட்டியது, பல் டாக்டரிடம் வந்தவர்கள் வழிவிட்டார்கள்.

திறப்பு விழா ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை மூன்று மணிக்கு. அதற்குள் யோகராணியிடம் சொல்லிவிட வேண்டும் என்று தண்டபாணி ஆறு தடவை போனை எடுத்தார். ஆறு தடவையும் யோகராணி ஏதாவது சந்தோஷமாகச் சொல்லிவிட்டார். ஒரு தடவை, என்ன சேலை கட்டுவது என்று கேட்டார். தண்டபாணி நீலம் என்றார்.

விழாவில் தரையெல்லாம் வட்டமும் சதுரமும் முக்கோணமும் வரைந்திருந்தார்கள். அறங்காவலர்கள் வட்டத்தில் நிற்க வேண்டும், ஊழியர்கள் சதுரத்தில். பொதுமக்களுக்கு முக்கோணம். பிஸ்கட்டும் முக்கோணமாகத்தான் இருந்தது. படைப்பாளர் நிற்க எந்த வடிவம் என்று கடைசிவரை முடிவாகவில்லை. அதனால் தண்டபாணியின் கையில் கையெழுத்துப் போடுவதற்கான தடித்த கறுப்பு மார்க்கர் ஒன்றைக் கொடுத்து, ஒரு காலை வட்டத்திலும் ஒரு காலைச் சதுரத்திலுமாக நிற்க வைத்தார்கள். சுவரொட்டி நடுச்சுவரில், மூன்று மடங்கு பெரிதாக்கிய பிரதியோடு, சட்டத்துக்குள் இருந்தது. கண்ணாடி கையெழுத்துக்குப் பிறகுதான் மாட்டுவார்களாம்.

இயக்குநர் பேசினார். "அன்றைய சுவரொட்டிகளில் ஒரு குறை இருந்தது" என்றார். "அவை எதையோ சொல்ல விரும்பின. ஒரு கூட்டத்துக்கு வா, ஒரு சோப்பை வாங்கு, ஒரு புத்தகத்தைப் படி. அந்தக் கடைசிக் கறை நீங்க நூறு ஆண்டுகள் ஆகியிருக்கிறது. இதோ, யாருக்கும் எதுவும் சொல்லாத முதல் சுவரொட்டி. இதைப் பார்த்து ஒரு மனிதன்கூட எங்கேயும் போகமாட்டான் என்று நான் உறுதியாகச் சொல்கிறேன்."

எல்லாரும் கை தட்டினார்கள். அப்போதுதான் யோகராணி உள்ளே வந்தார். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். நீலச் சேலை, மேலே கம்பளிச் சட்டை, கையில் ஒரு சாப்பாட்டு டப்பா. தரையில் இருந்த வடிவங்களை எல்லாம் மிதித்துக்கொண்டு நேரே சுவரொட்டிக்கு முன்னால் போய் நின்றார். டப்பாவைத் திறந்தார். உள்ளே வீட்டு வாசலில் பறித்த கமீலியாப் பூக்கள் இருந்தன.

கொஞ்ச நேரம் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"தம்பி, எனக்குக் கண் மங்கல். இவரின்ர பெயர் எதில கிடக்கு? பூ வைக்க வேணும்."

தண்டபாணி வட்டத்திலிருந்தும் சதுரத்திலிருந்தும் விலகி வந்தார். இன்னொரு பொய்கூட அவர் வாயில் தயாராக இருந்தது, வேறு தாளை மாற்றி வைத்துவிட்டார்கள் என்று. பூக்களைப் பார்த்ததும் அது வரவில்லை.

"மூணாவது வரிக்கா. அந்தப் பெரிய கட்டம் எட்டும் அண்ணன் பேருதான். எழுத்து விழல. படமும் விழல. வெள்ளிக்கிழமையே பார்த்துட்டேன். பார்த்துட்டுத்தான் ஒட்டினேன்."

"நாப்பதும் இப்பிடித்தானோ?"

"ஆமாக்கா."

"கார்கோவில ஒட்டினதும்?"

"எல்லாமே."

யோகராணி டப்பாவை மூடினார். மூடி சரியாகப் பொருந்தாமல் இரண்டு தடவை அழுத்தினார்.

"அப்ப ஆக்களுக்குத் தெரியாதே" என்றார். "நான் அண்டையில இருந்து இண்டைக்கு வரைக்கும் அந்த மனுசனைத்தான் ஏசிக்கொண்டிருக்கிறன். ஊரில இருக்கிறவன் எல்லாரையும் தூக்கிச் சுமந்தியே, உனக்கெண்டு ஒருத்தன் வந்தானோ எண்டு. கோவத்தில படத்துக்கு விளக்குக்கூட வைக்கேல்லை. அஞ்சு மாசம், தம்பி."

தண்டபாணி தரையைப் பார்த்தார். இந்த ஊரில், இத்தனை பேர் நடுவில், இவ்வளவு சின்னதாக அவர் ஒருநாளும் இருந்ததில்லை. பிரதாபன் மைக்கைப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்கு மொழிபெயர்த்தார். இது தமிழ் மரபில் படைப்பாளரும் பார்வையாளரும் நிகழ்த்துகிற சடங்கு என்றார். கூட்டம் மறுபடி கை தட்டியது. இந்த நிகழ்வையும் நிரந்தரச் சேகரிப்பில் சேர்க்க அறங்காவலர்கள் வட்டத்தில் நின்றபடியே ஓட்டுப் போட்டார்கள்.

யோகராணி கைதட்டல் அடங்குகிறவரை பொறுத்திருந்தார். பிறகு தண்டபாணியின் கையில் இருந்த மார்க்கரைப் பார்த்தார்.

"எழுதுங்கோ" என்றார்.

தண்டபாணி எழுதினார். முதல் கட்டத்தில் வ. இரண்டாவதில் ர. மூன்றாவதில் த. நாலாவதில் மறுபடி ர, அதன் காலுக்குத் தனியாக ஒரு கட்டம். ஆறாவதில் ஜ. ஏழாவதில் ன. கடைசிக் கட்டத்தில் அந்த ன-வுக்கான புள்ளியை வைத்தார். எட்டும் சரியாக இருந்தது. மொத்தம் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"எழுத்து" என்று இயக்குநர் அலறினார். அவர் கண்ணாடி கீழே விழுந்தது. "எழுதுகிறான், நிறுத்துங்கள். இனிமேல் இதைப் பார்ப்பவன் எல்லாம் படிக்கத் தொடங்கிவிடுவான்."

காவலர்கள் வந்து தண்டபாணியின் தோளைப் பிடித்தார்கள். யோகராணி பூவைச் சுவரோரம் வைத்துவிட்டு, ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அவர் அறங்காவலர்களின் வட்டத்தில் நிற்பதாக ஒரு ஊழியர் மரியாதையோடு எடுத்துச் சொன்னார்.

பதினைந்து நாளில் காப்பகத்திலிருந்து இரண்டாவது கடிதம் வந்தது. கலைப்பொருளை எழுத்துகளால் சேதப்படுத்திய குற்றத்துக்காகத் தண்டபாணி வாழ்நாள் முழுக்க அந்த மாடிக்கு வரக்கூடாது. எட்டு எழுத்துகளையும் ஒவ்வொன்றாக நீக்க வெளிநாட்டிலிருந்து ஒரு நிபுணர் வரவழைக்கப்படுகிறார். அடியில் உள்ள படைப்பாளரின் பெயருக்குச் சேதம் ஏதும் இல்லை என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்திருந்தார்கள்.

அந்த வாரமே யோகராணி அவரை வீட்டுக்குக் கூப்பிட்டார். கராஜில் ஒரு மூலையைக் காட்டினார். அட்டைகள் அடுக்கியிருந்தன, அறுபத்து மூன்று. விமான நிலையத்தில் தூக்கிப் பிடித்த ஒன்றையும் வரதராஜன் எறியவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், தடித்த கறுப்பு எழுத்தில், ஒரு சுழி அலங்காரம் இல்லாமல், கராஜின் மறுகோடியிலிருந்தே படிக்கிற மாதிரி. தண்டபாணி பெயரும் இருந்தது.

"வாற மாசம் திரும்ப ஒருக்கா வைக்கப்போறன்" என்றார் யோகராணி. "இந்த முறை போஸ்டர் வேண்டாம். உதில இருக்கிற ஆக்களின்ர வீட்டுக்கு நீங்களே போங்கோ. அண்டைக்கு அவையளை ஏன் கூப்பிடேல்லை எண்டதையும் சொல்லுங்கோ. உங்கட வாயால சொல்லுங்கோ. நான் கூட வரமாட்டன்."

அவர் திட்டியிருந்தால் தண்டபாணிக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். சாமி அறையில் வரதராஜன் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் திரும்பாமலே தண்டபாணி குடித்து முடித்தார்.

முதல் வீடு மதன்குமாருடையது. தண்டபாணி வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி. ஏழு வருஷம் முன்னால் மனைவியோடும் கைக்குழந்தையோடும் வந்து இறங்கியவரை வரதராஜன்தான் கூட்டி வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. அட்டைகளைக் காரிலேயே வைத்துவிட்டுத் தண்டபாணி மணியை அடித்தார். கதவைத் திறந்த மதன்குமார், "வாங்கண்ணே, என்ன திடீர்னு?" என்றார்.

தண்டபாணி உள்ளே போகவில்லை. கால்மிதியில் நின்றபடியே சொன்னார். வரதராஜன் இறந்ததை, முப்பத்தோராம் நாளை, அச்சடித்ததை, பார்த்துவிட்டும் ஒட்டியதை, நூற்றைம்பது பேர் சாப்பாட்டை, பதினோரு பேரை, ஐந்து மாதம் ஏற்றாத விளக்கை. எதையும் விடவில்லை. விருந்தாளிகள் வருவதாக இருந்ததையும் சொன்னார்.

மதன்குமார் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே நின்றார். வரதராஜன் அண்ணன் ஊரிலேயே தங்கிவிட்டார் என்று இத்தனை நாளும் நினைத்திருந்ததாகச் சொன்னார்.

"அந்தப் போஸ்டரை நான் பார்த்தேண்ணே" என்றார் கடைசியில். "எங்க பஸ் ஸ்டாப்புல ரெண்டு மாசம் இருந்துச்சு. தினமும் அதுக்குக் கீழதான் நின்னேன். என்ன எழவுன்னே தெரியல. உங்க பேரு மட்டும் நல்லாத் தெரிஞ்சுது."